விளக்கு அறியாத நஞ்சு

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கோட்டைகளையும் கொடிகளையும் பற்றியே எழுதுவர். போர்த்துக்கேயர் 1624இல் எழுப்பிய கோட்டை 1639இல் ஒல்லாந்தர் கைக்கு வந்தது. 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அதனை அடுத்தடுத்துக் கைப்பற்றினர். 1795இல் அது மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. கொடிகள் மாறிய இக்கதைக்கு அடியிலே இன்னொரு கதை ஓடுகிறது. அது நெருப்பின் கதை. பாய்க்கப்பல்கள் வந்த காலத்தில் கரையிலே விறகு எரிந்தது. நீராவிக் கப்பல்களோடு நிலக்கரி வந்தது. அதன்பின் எண்ணெய் வந்தது. இன்று எரிவாயுவும் மின்பிறப்பாக்கியும் வீட்டு வாசல்வரை வந்துவிட்டன. இவ்வெரிபொருள்கள் எல்லாவற்றையும் நிழல்போலத் தொடர்ந்து வந்த நஞ்சு ஒன்று உண்டு. காபனோரொட்சைட்டு என்பது அதன் பெயர். சுரங்கத் தொழிலாளரும் கப்பலோட்டிகளும் பல உயிர்களைப் பலிகொடுத்த பின்னர் அந்நஞ்சுக்கு எதிராக விதிகளை வகுத்துக்கொண்டனர். இல்லறத்தார்க்கு அத்தகைய விதிகள் அன்று தேவைப்படவில்லை. ஏனெனில், அவர்களுடைய வீடே அவர்களைக் காத்து நின்றது. அவ்வீடு இன்று மாறிவிட்டது. ஆகவே இல்லங்களும் இனி அவ்விதிகளைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

விறகாயினும் எண்ணெயாயினும் எரிவாயுவாயினும் செவ்வனே எரிவதற்குப் போதிய காற்று வேண்டும். காற்றுப் போதுமானால் எரிபொருளிலுள்ள காபன் முற்றாக எரிந்து காபனீரொட்சைட்டாகும். காற்றுக் குறைந்தால் எரிதல் அரைகுறையாகிக் காபனோரொட்சைட்டுப் பிறக்கும். இதற்கு நிறமில்லை; மணமில்லை; சுவையில்லை. கண்ணையோ தொண்டையையோ இது உறுத்துவதுமில்லை. மூச்சோடு உட்சென்று, இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமந்து செல்லும் ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்கின்றது. ஒட்சிசனுக்கும் ஈமோகுளோபினுக்கும் உள்ள பற்றினும் இப்பற்று இருநூறு மடங்குக்கு மேல் வலியது. துறையிலுள்ள தோணிகளிலெல்லாம் வேண்டாத சரக்கை யாரோ ஏற்றிவிட்டால், கரையிலே காத்திருக்கும் அரிசி மூட்டைக்கு இடமில்லாது போகுமன்றோ? அதுபோலவே நெஞ்சு மூச்சை இழுத்துக்கொண்டிருக்கும். உடலுக்கோ ஒட்சிசன் சென்றடையாது. இவ்வுண்மையைப் பிரான்சிய உடற்றொழில் அறிஞர் குளோட் பேர்னாட் 1857இல் வெளியிட்ட தம் விரிவுரைகளில் விளக்கினார்.

இவ்வறிவு எதுவுமின்றியே கிழக்கிலங்கையின் பழைய வீடுகள் இந்நஞ்சினின்றும் தம் மக்களைக் காத்தன. மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், நிலாவெளி ஆகிய ஊர்களிலே குசினி என்பது பெரும்பாலும் வீட்டினின்றும் விலகி நின்ற தனிக்கொட்டில். கூரை கிடுகினால் வேயப்பட்டது. சுவர் கூரையைத் தொடாமல் இடையிலே வெளி விட்டிருக்கும். ஓட்டு வீடாயின், ஓடுகளின் இடுக்கு வழியே புகை வெளியேறும். நெருப்பை வீட்டுக்குப் புறத்தே வைத்தது தீப்பற்றும் என்ற அச்சத்தினால். கூரைக்கும் சுவருக்கும் இடையே வெளி விட்டது வெக்கைக்கு அஞ்சி. ஆயினும் அவ்விரண்டும் சேர்ந்து, பெயர் தெரியாத ஒரு நஞ்சையும் வெளியே அனுப்பின. அக்காலம் முற்றும் நலமானது என்று சொல்லுதற்கில்லை. நாள்தோறும் புகையிலே நின்ற பெண்களின் கண்ணும் மார்பும் பட்ட துன்பம் பெரிது. அது மெல்ல வாட்டும் துன்பம். ஒரே இரவில் ஒரு குடும்பத்தையே மாய்க்கும் மரணம் அவ்வீடுகளில் அரிதாயிருந்தது.

அப்பழைய வாழ்விலே நெருப்பைப் படுக்கையறைக்குள் கொண்டுவந்த வழக்கம் ஒன்றும் இருந்தது. பிள்ளை பெற்ற தாய்க்குக் குளிர் படக்கூடாதென்று கதவைச் சாத்தி, தணற்சட்டியை அருகில் வைப்பர். குழந்தையின் தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவர். சிரட்டைக் கரியின் தணல் புகைவதில்லை. ஆதலால் அது தூயது என்று கருதப்பட்டது. உண்மை அதற்கு மாறானது. தணலின் அடியிலே பிறக்கும் காபனீரொட்சைட்டு, மேலேயுள்ள செந்தணலினூடு எழும்போது காபனோரொட்சைட்டாக மாறுகின்றது. தணலின் மேல் சிலவேளை ஆடும் மெல்லிய நீலச்சுடர், அந்நஞ்சு எரிவதன் அடையாளமே. புகை, வருத்தினாலும் எச்சரிக்கும். புகையாத கரி எச்சரிப்பதுமில்லை. கிடுகுக் கூரையின் இடுக்குகளே அந்தத் தாயையும் சேயையும் காத்தன எனலாம்.

முன்னோர் அறிந்துவைத்திருந்த பாதுகாப்பு ஒன்று கிணற்றைப் பற்றியது. நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றில் இறங்குமுன் விளக்கொன்றைக் கயிற்றிலே கட்டி உள்ளே இறக்குவர். விளக்கு அணைந்தால் ஆள் இறங்குவதில்லை. இது அறிவோடு கூடிய வழக்கம். காற்றிலே நூற்றுக்கு ஏறத்தாழ 21 பங்காக உள்ள ஒட்சிசன் 17 பங்கு அளவிற்குக் குறையும்போது சுடர் அணைந்துவிடும். ஆனால் காபனோரொட்சைட்டு உயிர் கொல்வதற்கு ஒட்சிசன் குறைய வேண்டுவதில்லை. ஆயிரம் பங்கு காற்றிலே அது ஒரு பங்கு கலந்திருந்தாலே தலைவலியும் மயக்கமும் தோன்றிச் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்து நேரும். ஆயிரத்துக்கு நான்கு பங்கானால் ஒரு மணிக்குள்ளாகவே உயிர் போகக்கூடும். அந்தக் காற்றில் விளக்கு வழக்கம்போலவே எரிந்துகொண்டிருக்கும். விளக்குச் சொல்லும் சாட்சியை நம்பி இறங்கியவன் மட்டும் ஏறி வரமாட்டான்.

விளக்கின் இக்குறையை உலகம் உணர்ந்தது நிலக்கரிச் சுரங்கங்களிலேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே திருகோணமலை ஆங்கிலக் கடற்படை நிலக்கரி நிரப்பும் தளங்களுள் ஒன்றாக விளங்கிற்று. அக்கடற்படை பெரிதும் விரும்பியது தென் வேல்ஸ் நாட்டு நிலக்கரியை. அந்த நிலக்கரி தோண்டப்பட்ட றொண்டாப் பள்ளத்தாக்கிலே, டைலர்ஸ்டவுன் என்னும் ஊரின் சுரங்கத்தில், 1896 ஜனவரி 27ஆம் நாள் பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. 57 பேர் மாண்டனர். ஜோன் ஸ்கொட் ஹால்டேன் என்னும் உடற்றொழில் அறிஞர் அங்கு சென்று இறந்தோரின் உடல்களை ஆராய்ந்தார். வெடியின் அதிர்ச்சியால் இறந்தோர் சிலரே என்பதும், வெடிக்குப்பின் பரவிய காபனோரொட்சைட்டே பெரும்பாலோரைக் கொன்றது என்பதும் அவர் கண்ட முடிவு. அவர் இந்த வாயுவைத் தாமே மூச்சிழுத்துத் தம் உடலில் விளைந்த மாற்றங்களைக் குறித்து வைத்தவர். விளக்கைக் கொண்டு இதனை அறிய இயலாது என்று கண்டு, சிறிய உயிரினங்களைச் சுரங்கத்துள் கொண்டு செல்லுமாறு அவர் கூறினார். சிறு பறவை விரைந்து மூச்சுவிடுவதால், மனிதனுக்கு முன்பே அது தளர்ந்து விழும். அந்த இடைவெளியில் மனிதன் தப்பிவிடலாம். அவ்வாறு சுரங்கம் புகுந்த மஞ்சட் கனேரிப் பறவைகள் பிரித்தானியச் சுரங்கங்களில் 1986 வரை பணிபுரிந்தன. அவ்வாண்டிலே அவற்றின் இடத்தைக் கருவிகள் எடுத்துக்கொண்டன.

கப்பலுக்கும் இது அயலான செய்தி அன்று. மூடிய கிடங்கிலே குவிந்து கிடக்கும் நிலக்கரி, எரியாமலேயே ஒட்சிசனை உறிஞ்சும். மெல்லச் சூடேறிக் காபனோரொட்சைட்டையும் வெளிவிடும். ஆதலால் கிடங்கின் வாயைத் திறந்து காற்றோட்டம் செய்த பின்னரே உள்ளே இறங்க வேண்டும் என்பது கப்பல்களில் விதியாயிற்று.

நிலக்கரியின் காலம் போய் எண்ணெயின் காலம் வந்தது. சீனக்குடாவின் காட்டிடையே ஆங்கிலேயர் எழுப்பிய மாபெரும் எண்ணெய்க் குதங்கள் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளத்தக்கது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது அக்குதங்களுள் ஒன்று பற்றி எரிந்தது. அப்போர் உலகெங்கும் எண்ணெய்ப் பஞ்சத்தை உண்டாக்கிற்று. எண்ணெய் கிட்டாதபோது மனிதர் மீண்டும் கரியை நாடினர். பாக்கு நீரிணைக்கு அப்பால் சென்னை மாகாணத்தின் வீதிகளிலே, பின்புறம் கரி உலை பூட்டிய பேருந்துகள் ஓடின. அந்த உலையிலே கரி அரைகுறையாக எரிந்து வாயுவைத் தரும். இயந்திரத்தை ஓட்டிய அந்த வாயுவின் எரியும் பகுதியிற் பெரும்பங்கு காபனோரொட்சைட்டே ஆகும். வீட்டிலே கொல்லும் நஞ்சு வீதியிலே எரிபொருளாயிற்று. இத்தகைய வண்டிகள் மிகுதியாக ஓடிய சுவீடன் நாட்டிலே, மூடிய கொட்டகைகளில் உலையை மூட்டியோர் பலர் நஞ்சேறி வருந்தினர். திறந்த வெளியில் தொண்டு செய்யும் நெருப்பு, கதவை மூடியதும் பகையாகும் என்பதை உலகம் மறுபடியும் கற்றது.

போர் முடிந்தபின் அறிஞர் சிலரின் கவனம் அடுக்களைப் பக்கம் திரும்பிற்று. ஐதராபாத்தைச் சேர்ந்த பொறியியலாளர் எஸ். பி. ராஜு, புகைபோக்கி பொருத்திய மண் அடுப்பை அமைத்து, அதனைக் கோடிக்கணக்கான எளிய இல்லங்களுக்கு உரியதாக்க விரும்பினார். புகையற்ற அடுக்களை பற்றி அவர் எழுதிய நூல் 1953இல் சென்னையில் வெளிவந்தது. இலங்கையிலே 1986இல் ‘அனகி’ என்னும் இரட்டை வாய் மண் அடுப்பு பரவத் தொடங்கியது. அது விறகைச் சிக்கனப்படுத்துவது. ஆயினும் புகைபோக்கி உடையதன்று. ஆகவே அதனையும் காற்றோட்டமுள்ள இடத்திலேயே வைத்தல் வேண்டும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதும் நாட்டின் இல்லங்களில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவானவை விறகிலேயே சமைத்து வந்தன. எனவே அடுப்பின் கதை பழங்கதை அன்று.

எரிவாயு அடுப்போ ஒரு புதிய மயக்கத்தைக் கொண்டுவந்தது. உருளையிலுள்ள எரிவாயுவுக்கு இயல்பான மணம் இல்லை. அது கசிந்தால் மனிதர் அறியவேண்டுமென்று நாற்றமுள்ள பொருளொன்றைக் கலந்து விற்கின்றனர். இதனால், நாற்றம் வந்தால் ஆபத்து, நாற்றம் இல்லையேல் ஆபத்தில்லை என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. கசியும் வாயுவுக்கே இது பொருந்தும். எரிந்த வாயுவிலிருந்து பிறக்கும் காபனோரொட்சைட்டை எந்த மூக்கும் அறியாது. அடுப்பின் சுடர் நீலமாயிருந்தால் எரிதல் நன்று. அது மஞ்சளாகிப் பாத்திரத்தின் அடியில் கரி படியுமானால், காற்றுப் போதவில்லை அல்லது அடுப்பின் வாய் அடைபட்டுள்ளது என்று கொள்ள வேண்டும்.

1957 அக்டோபர் 15ஆம் நாள் திருகோணமலைக் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்குப்பின் வந்த பல்லாண்டுகளிலே துறைமுகம் மாறியதினும் மிகுதியாக வீடுகள் மாறின. கிடுகு போய்ச் சீமெந்துத் தட்டு வந்தது. கூரையின் இடுக்கு அடைபட்டது. குசினி வீட்டின் நடுவே புகுந்தது. கண்ணாடி யன்னல்களும் குளிரூட்டியும் வந்தபின், காற்று உள்ளே வருவதே செலவாக எண்ணப்பட்டது. இம்மாற்றங்கள் வசதியைத் தந்தன. பழைய வீடு கேளாமலே அளித்த காவலை எடுத்துக்கொண்டன.

காவல் போனதை மறந்த வீடுகளிலே இடர்க்காலம் பழைய நெருப்பைத் திரும்பக் கொண்டுவரும். 2022இல் பொருளாதார நெருக்கடி முற்றியபோது நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்றது. எரிவாயுவுக்கு மக்கள் நாட்கணக்காக வரிசையில் நின்றனர். விறகும் கரியும் மண்ணெண்ணெயும் சீமெந்து வீடுகளுக்குள் நுழைந்தன. வசதியுள்ளோர் மின்பிறப்பாக்கியை வாங்கினர். 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி கிழக்குக் கரையைத் தாக்கியபோதும் மின்கம்பிகள் அறுந்தன. மழை ஒரு புறம், திருடர் அச்சம் ஒரு புறமாக இருக்கையில், மின்பிறப்பாக்கியை விறாந்தையிலோ பின்னறையிலோ வைத்து இயக்கத் தோன்றுவது இயல்பே. ஆனால் அச்சிறு இயந்திரம் ஒன்று வெளியிடும் காபனோரொட்சைட்டு, பல நூறு மோட்டார் வண்டிகள் வெளியிடுவதற்கு நிகரானது. யன்னலைத் திறந்து வைப்பதால் அந்த அளவு நஞ்சு நீங்கிவிடாது.

வெள்ளம் வடிந்தபின் வரும் இடர் கிணற்றிலே காத்திருக்கின்றது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து சென்றபின் கிழக்குக் கரையோரக் கிணறுகளிலே உப்பு நீரும் சேறும் நிறைந்தன. மக்கள் இயந்திரங்களைக் கொண்டு அவற்றை இறைத்துச் சுத்தம் செய்தனர். ஒவ்வொரு பெருவெள்ளத்தின் பின்னும் இவ்வேலை நிகழ்கின்றது. தரையில் இருக்கும் இறைப்பு இயந்திரம் நடைமுறையில் ஏழெட்டு மீற்றர் ஆழத்துக்குக் கீழுள்ள நீரை உறிஞ்சி எடுக்க மாட்டாது. காற்றின் அழுத்தம் அதற்குமேல் நீரைத் தள்ளுவதில்லை. ஆதலால் ஆழ்ந்த கிணற்றிலே இயந்திரத்தையே உள்ளே இறக்கி இயக்குகின்றனர். எண்ணெயில் ஓடும் இயந்திரம் சில நிமிடங்களிலே கிணற்றை நஞ்சால் நிரப்பிவிடும். அது நின்றபின்னும் அங்கே வீச ஒரு காற்று இல்லை. இறங்கியவர் விழுவார், அவரைத் தூக்க இறங்கிய தம்பி விழுவார், அவரைத் தேடி இறங்கிய அயலவரும் விழுவார். விளக்கை இறக்கிப் பார்த்திருந்தாலும் அது எரிந்துகொண்டே இருந்திருக்கும்.

ஆகவே இல்லத்தார் கைக்கொள்ள வேண்டிய விதிகள் இவ்வரலாற்றிலிருந்தே பிறக்கின்றன. மின்பிறப்பாக்கியை வீட்டுக்கு வெளியே, குறைந்தது இருபது அடி தூரத்தில், அதன் புகைக்குழாய் கதவையும் யன்னலையும் நோக்காதவாறு வைத்தல் வேண்டும். மழைக்கு மறைப்புத் தேவையாயின் அங்கேயே நாற்புறமும் திறந்த ஒரு கொட்டில் போடலாம். எண்ணெய் இயந்திரம் எதனையும் கிணற்றினுள் இறக்கலாகாது. ஆழமான கிணற்றுக்கு நீருள் அமிழும் மின்பம்பியை வாடகைக்குப் பெற்று, மின்பிறப்பாக்கியைக் கிணற்றடியினின்றும் எட்ட நிறுத்துதல் தக்கது. தணற்சட்டியையோ கரி அடுப்பையோ உறங்கும் அறையில் வைத்தல் ஆகாது. பிள்ளைப்பேற்று அறையில் இவ்விதியை இருமடங்கு இறுக்கமாகப் பேணுதல் வேண்டும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குளிருக்காக அறைக்குள் கரி மூட்டி உறங்கியோர் விடியுமுன் மாண்ட செய்திகளை நாளிதழ்கள் பலமுறை வெளியிட்டுள்ளன. கனேரிப் பறவையின் இடத்துக்கு வந்த எச்சரிக்கைக் கருவி இன்று உள்ளங்கை அளவில் கிடைக்கின்றது. இயலுமானோர் அதனை உறங்கும் அறைக்கு அருகில் பொருத்துவது நலம்.

நஞ்சேறியதை அறிந்துகொள்ளும் வழியும் உண்டு. ஒரு வீட்டிலுள்ள பலருக்கு ஒரே வேளையில் தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், கால் தளர்ச்சி உண்டாகி, வெளியே வந்ததும் அவை குறையுமானால், உணவைக் குறைகூறுமுன் நெருப்பை ஐயுறுதல் வேண்டும். கொவிட் காலத்தில் பல இல்லங்கள் வாங்கிய விரல்நுனிக் கருவி இங்கே ஏமாற்றும்; காபனோரொட்சைட்டைச் சுமந்த ஈமோகுளோபினையும் அது ஒட்சிசனைச் சுமந்ததாகவே எண்ணிக் காட்டும். விளக்குக்கு இருந்த குறை அதற்கும் உண்டு. நஞ்சேறியவரைத் திறந்த வெளிக்குக் கொணர்ந்து, 1990 என்னும் இலக்கத்தில் நோயாளர் வண்டியை அழைத்தல் வேண்டும். சாதாரணக் காற்றிலே இரத்தத்திலுள்ள நஞ்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் செல்லும். வைத்தியசாலையில் தூய ஒட்சிசன் அளித்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் அது நிகழும். கிணற்றுள் வீழ்ந்தவரைத் தேடி எவரும் வெறுமனே இறங்கலாகாது. காற்றுக் கவசம் உடையோர் வரும்வரை கரையிலே நிற்பது கொடுமையாகத் தோன்றும். ஆயினும் ஒரு குடும்பத்தின் இழப்பு மூன்று குடும்பங்களின் இழப்பாகாமல் தடுப்பது அந்த நிற்றலே.

துறைமுகத்திலே கிடங்கின் வாயைத் திறந்து காற்றை உள்ளே விடாமல் எந்தத் தொழிலாளியையும் இறக்குவதில்லை. அத்தொழிலாளி மாலையில் திரும்பும் வீட்டிலும் அதே விதி நடக்க வேண்டும். பாட்டியின் குசினிக்கு இருந்த திறந்த கூரை இனித் திரும்பப்போவதில்லை. அக்கூரை செய்த வேலையை இனி வீட்டிலுள்ளோரே நினைவோடு செய்ய வேண்டும்: நெருப்பு எரியும் இடத்திலே காற்று நடமாட வழி வேண்டும், காற்றுக்கு வழியில்லாத இடத்திலே நெருப்பை வைக்கலாகாது.